டாட்ஜ் ஆறு சிலிண்டர்: இரண்டு முறை ஹெட் கேஸ்கெட் மாற்றியும் 5-6க்கு நடுவிலேயே போகிறது

#1 ஏற்காடு_டாட்ஜ் (சேலம்)

எல்லோருக்கும் வணக்கம். வண்டி டாட்ஜ் டபிள்யூ.சி. 51, முக்கால் டன், இரண்டாம் உலகப் போர்க் காலத்து வண்டி. போர் முடிந்ததும் டிஸ்போசலில் எடுத்து ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்துக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். தோட்டம் கைமாறியபோது தாத்தா அதை வாங்கிவிட்டார். நடுவில் யாரும் டீசல் எஞ்சினைத் தூக்கி வைக்கவில்லை. இருப்பது அதன் சொந்த எஞ்சின்தான்: 230 கன அங்குலம், சைடு வால்வு, ஆறு சிலிண்டர், பெட்ரோல்.

மலை ஏறும்போது பதினான்காவது கொண்டை ஊசி வளைவில் ஆவி கிளம்பியது. கட்டி இழுத்து வந்து ஒரு மெக்கானிக்கிடம் கொடுத்தேன். ஹெட் கேஸ்கெட் (பிளாக்குக்கும் அதன் மூடியான ஹெட்டுக்கும் நடுவில் வைக்கும் தகடு) மாற்றிக் கொடுத்தார். 300 கிலோமீட்டர்கூட ஓடவில்லை, மறுபடியும் அதே கதை. இந்த முறை நானே கழற்றினேன். 5க்கும் 6க்கும் நடுவில் இருக்கும் ஒல்லியான பட்டையில் செம்புத் தகடு சுருண்டு, உள்ளே இருந்த நார் கருகிப்போய், ஒரு சிலிண்டரிலிருந்து இன்னொன்றுக்கு வழியே திறந்துவிட்டது. பழைய கேஸ்கெட்டையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அச்சு அசலாக அதே இடம்.

மூன்றாவது கேஸ்கெட் கையில் இருக்கிறது. ஏன் போகிறது என்று தெரியாமல் அதைப் போட மனமில்லை. எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

#2 சைடுவால்வு (பெங்களூர்)

போடாமல் வைத்திருக்கிறீர்களே, அதுவே சரி. ஒரே இடத்தில் இரண்டு முறை போனால் கேஸ்கெட்டை மறந்துவிட்டு அந்த இடத்தைப் பார்க்க வேண்டும்.

மூன்று கேள்விகள். கழற்றும் முன் கம்ப்ரஷன் (ஒவ்வொரு சிலிண்டரிலும் ஏறும் அழுத்தம்) பார்த்தீர்களா? ஹெட்டிலும் பிளாக்கிலும் நேர்ச்சட்டம் வைத்துப் பார்த்தீர்களா? போல்ட்டை எதை வைத்து முறுக்கினார்கள்?

நான்காவதாக ஒன்று. இதுதான் முக்கியம் என்று என் மனசு சொல்கிறது. இந்த எஞ்சினில் வாட்டர் பம்புக்குப் பின்னால் பிளாக்குக்குள் முன்னிருந்து பின்வரை ஒரு நீளமான தகட்டுக் குழாய் போகும். பம்ப் தள்ளும் தண்ணீர் முழுக்க அதற்குள் போய், அதிலிருக்கும் துளைகள் வழியாக ஒவ்வொரு எக்ஸாஸ்ட் வால்வு சீட்டின் பக்கமும் பாய வேண்டும். கம்பெனி போட்டது இரும்புத் தகடு. துருப்பிடித்து முன்பக்கம் ஓட்டையாகிவிட்டால் தண்ணீர் எல்லாம் 1, 2 பக்கமே கொட்டிவிடும். 5, 6க்கு சுற்றிவரும் வெந்நீர்தான் கிடைக்கும். மீட்டர் நார்மலாகவே காட்டும், பின்பக்கம் மட்டும் வெந்துகொண்டிருக்கும். உங்கள் குழாயை யாராவது எப்போதாவது வெளியே எடுத்துப் பார்த்ததுண்டா?

#3 ஏற்காடு_டாட்ஜ்

கம்ப்ரஷன் பார்த்து எழுதி வைத்திருக்கிறேன். முன்னிருந்து: 105, 110, 105, 108, 60, 55.

நேர்ச்சட்டம் வைக்கவில்லை. போல்ட்டை மெக்கானிக் கை அளவில் முறுக்கினார், டார்க் ரெஞ்ச் (முறுக்கும் பலத்தை அளந்து காட்டும் ஸ்பானர்) இல்லை. குழாய் ஒன்று இருப்பதே இப்போதுதான் தெரிகிறது. அப்பாவைக் கேட்டேன். அவருக்கு நினைவு தெரிந்து ரேடியேட்டரைக் கழற்றியது இரண்டு தடவை, பம்ப் ஒரு தடவை. குழாயை யாரும் தொட்டதில்லையாம்.

#4 சைடுவால்வு

அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர் சேர்ந்து பாதியாக இறங்கினால் நடுச்சுவர் போயிருக்கிறது என்று அர்த்தம், அதைத்தான் கண்ணாலேயே பார்த்துவிட்டீர்கள். மற்ற நான்கும் ஐந்து பவுண்டு வித்தியாசத்துக்குள் இருக்கின்றன. ரிங்கும் வால்வும் நல்ல நிலையில்தான் இருக்கின்றன. நல்ல எஞ்சின், காப்பாற்றலாம்.

#5 சங்ககிரி_ஷெட்

தம்பி, ஒரு விஷயம் முதலில். கையில் இருக்கும் கேஸ்கெட்டைப் பிரித்து ஹெட்டின் மேல் வைத்துப் பார்த்தாயா? கிறைஸ்லர் கம்பெனியின் சைடு வால்வு ஆறு சிலிண்டரில் இரண்டு நீளம் உண்டு. அமெரிக்க டாட்ஜ் கார், சின்ன லாரிகளில் வருவது 23 அங்குல ஹெட். கனடாவில் செய்ததெல்லாம் 25 அங்குலம். நம் நாட்டுக்கு வந்த டாட்ஜ், ஃபார்கோ லாரிகளில் கனடா எஞ்சின் நிறைய. வெளியே நின்று பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். கடைக்காரர் ‘டாட்ஜ் ஆறு சிலிண்டர்’ என்று கேட்டதும் எதையாவது எடுத்துக் கொடுத்துவிடுவார். உன் டபிள்யூ.சி.க்கு 23தான். டேப் வைத்து அளந்துவிடு.

அப்பாவின் ஷெட்டில் இருந்த காலத்தில் நாங்கள் ஹெட்டைக் கழற்றினால் உடனே மூட மாட்டோம். ஒரு நாள் திறந்தே கிடக்கும். அப்பா அதன் முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். எங்கே கரி வெள்ளையாக இருக்கிறது, எங்கே ஈரமாக இருக்கிறது, எந்தப் பிஸ்டன் மட்டும் கழுவி வைத்தது போல் பளபளக்கிறது என்று ஒவ்வொன்றாகக் காட்டுவார். தண்ணீர் புகுந்த சிலிண்டரில் கரி நிற்காது, ஆவி அதைத் துடைத்துவிடும். உன் ஆறாவது பிஸ்டன் எப்படி இருக்கிறது?

#6 ஏற்காடு_டாட்ஜ்

ஐயா, கேஸ்கெட் 23 அங்குலம்தான், ஹெட்டோடு பொருந்துகிறது. தண்ணீர்த் துளைகளும் ஒன்றுக்கொன்று நேராக இருக்கின்றன. ஆனால் சில இடங்களில் பிளாக்கில் பெரிய துளையும் கேஸ்கெட்டில் சின்னத் துளையும் இருக்கிறது. அதைப் பெரிதாக்கலாமா?

ஆறாவது பிஸ்டனின் ஒரு ஓரம், பிளாக்கின் கடைசிப் பக்கம், நிலாத்துண்டு போல் சுத்தமாக இருக்கிறது. மற்ற இடமெல்லாம் கரி.

#7 சைடுவால்வு

பெரிதாக்காதீர்கள்! அந்தச் சின்னத் துளை வேண்டுமென்றே வைத்தது. முன்பக்கம் தண்ணீர் சீக்கிரம் மேலே ஏறிவிடாமல் தடுத்துப் பின்பக்கம் அனுப்புவதற்குத்தான் அந்தக் கணக்கு. ‘தண்ணீர் நன்றாகப் போகட்டும்’ என்று துளையைப் பெரிதாக்கியவர்களின் எஞ்சினில் பின்பக்கம் இன்னும் வேகமாக வெந்ததைப் பார்த்திருக்கிறேன்.

ஆறில் சுத்தமான ஓரம் இருக்கிறது என்றால் அங்கே தண்ணீரும் உள்ளே வந்திருக்கிறது. வால்வு சீட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவே விரிசல் இருக்கிறதா என்று அவசியம் பாருங்கள். சைடு வால்வு எஞ்சினில் வால்வு பிளாக்கிலேயே உட்கார்ந்திருப்பதால் அதிகச் சூட்டில் முதலில் கீறல் விடும் இடம் அதுதான்.

#8 லேத்பட்டறை_கோவை

விரிசல் பார்க்க டை ஸ்ப்ரே வாங்கலாம். கிடைக்காவிட்டால் பழைய முறையே போதும். அந்த இடத்தைப் பெட்ரோலில் நன்றாகத் துடைத்துக் காய விடுங்கள். மண்ணெண்ணெயைத் தடவிப் பத்து நிமிடம் ஊற வையுங்கள். மேலே ஈரமே தெரியாமல் துடைத்துவிட்டு சாக்பீஸை மாவாகத் தேய்த்துத் தூவுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே ஒளிந்திருக்கும் மண்ணெண்ணெய் மெல்ல ஊறி வந்து சாக்மாவில் முடி போல் ஒரு கோடு போடும். அரை மணி நேரம் பொறுமையாகப் பாருங்கள்.

அப்புறம் கேஸ்கெட் பிசிறைச் சுரண்டுவது பற்றி. பழைய கேஸ்கெட்டில் செம்புக்கு நடுவே இருப்பது ஆஸ்பெஸ்டாஸ். காய்ந்த நிலையில் சுரண்டினால் தூசி நுரையீரலுக்குப் போய்விடும், திரும்ப வெளியே வராது. சோப்புத் தண்ணீர் தெளித்து நன்றாக நனைத்துவிட்டு, முகக்கவசம் போட்டுக்கொண்டு, தட்டையான ஸ்கிராப்பரால் எடுங்கள். வந்த கழிவை ஈரத்தோடேயே பிளாஸ்டிக் பையில் கட்டிவிடுங்கள். கிரைண்டரில் பிரஷ் மாட்டிச் சுற்றவே கூடாது. எமரி வட்டும் வேண்டாம். அதிலிருந்து உதிரும் துகள் சிலிண்டர் ஓரத்தில் இறங்கி ஆயிலில் கலந்தால் பேரிங் போய்விடும்.

பிஸ்டன் எல்லாவற்றின் மேலும், திறந்திருக்கும் வால்வுகளின் மேலும், தண்ணீர்த் துளைகளிலும் துணி அடைத்துவிட்டுத்தான் சுரண்ட ஆரம்பிக்க வேண்டும்.

#9 ஏற்காடு_டாட்ஜ்

இரண்டு நாள் வேலை பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

விரிசல் இல்லை. சாக்மாவு போட்டு இரண்டு முறை பார்த்தேன், கோடு எதுவும் வரவில்லை. மனசு லேசானது.

நேர்ச்சட்டம் கடன் வாங்கி வந்து ஃபீலர் கேஜ் விட்டேன். ஹெட்டில் 5-6 பக்கம் 7 தவ் (ஒரு தவ் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இலை சுலபமாக நுழைகிறது, 8 நுழையவில்லை. முன்பக்கம் 2 தவ்வே இறுக்கம். பிளாக்கில் 2 தவ்வுக்கு மேல் எங்கும் இல்லை. ஆனால் சில போல்ட் துளைகளின் வாயில் சின்ன மேடு இருக்கிறது, விரலால் தடவினாலே தட்டுகிறது.

இனி குழாய். ரேடியேட்டரை எடுத்துவிட்டு பம்பைக் கழற்றினேன். உள்ளே டார்ச் அடித்தால் குழாயின் வாய் தெரிகிறது, ஆனால் வட்டம் முழுசாக இல்லை. வெல்டிங் ராடின் நுனியை வளைத்துக் கொக்கியாக்கி உள்ளே விட்டு மாட்டி இழுத்தேன். ஒரு சாண் நீளம் வந்தது. கையில் பிடித்ததும் அப்பளம் போல் நொறுங்கியது. மீதி உள்ளேயே நிற்கிறது. பின்பக்கம் இருப்பது குழாயா துருச் சேறா என்றே சொல்ல முடியவில்லை. படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன், பாருங்கள்.

#10 சைடுவால்வு

படத்தைப் பார்த்தேன். இதுதான் காரணம். இரண்டு கேஸ்கெட்டையும் தின்றது இந்தக் குழாய்தான். தண்ணீர் கிடைக்காமல் பின்பக்கம் சுட்டு, ஹெட் 7 தவ் வளைந்து, அந்த வளைவின் மேல் புதுக் கேஸ்கெட்டைப் போட்டதால் நடுப்பட்டையில் அழுத்தம் விழவில்லை. எரிகிற காற்று அதைத் தேடிப் போயிருக்கிறது.

மீதியை எடுக்கப் பக்கவாட்டில் இருக்கும் வெல்ச் பிளக்குகளை (தண்ணீர் ஜாக்கெட்டின் துளைகளை மூடியிருக்கும் தகட்டு மூடிகள்) தட்டி எடுத்துவிடுங்கள். எப்படியும் அவை மாற்ற வேண்டியவைதான். ஒவ்வொரு துளை வழியாகவும் கம்பி விட்டுத் துண்டுகளை முன்னால் தள்ளலாம், சேற்றையும் கிளறலாம். அவசரப்பட்டு இழுக்காதீர்கள்.

#11 பெட்ஃபோர்ட்_யாழ்

வணக்கம் அண்ணை. எனக்கு இருப்பது பெட்ஃபோர்ட் லொறி, மேல் வால்வு எஞ்சின், அதில் இந்தக் குழாய்ச் சங்கதி இல்லை. ஆனால் சேற்றைப் பற்றி ஒன்று சொல்ல வேணும். நான் ஹெட்டை மூடிய பிறகுதான் சுத்தம் செய்ய யோசித்தேன். மருந்து ஊற்றி ஓட விட, கரைந்த சேறு முழுதும் ரேடியேட்டருக்குள் போய் இருந்து கொண்டது. பிறகு ரேடியேட்டரைக் கழற்றிக் கோர் மாற்ற வேண்டி வந்தது. நீங்கள் திறந்து வைத்திருக்கும் போதே ஹோஸ் பைப்பால் பின்னாலிருந்து முன்னால் தண்ணீர் அடியுங்கோ. தெளிந்த தண்ணீர் வருமட்டும் அடியுங்கோ.

#12 ஏற்காடு_டாட்ஜ்

அப்படியே செய்தேன். வெல்ச் பிளக் எடுத்ததும் முதல் துளையிலிருந்து சேறு தானாக வழிந்தது, செம்மண்ணைக் குழைத்தது மாதிரி. கடைசித் துளையில் வழியவே இல்லை, கல்லாக இருந்தது. ஸ்குரூ டிரைவரால் குத்திக் குத்தி எடுத்தேன். அரை வாளி சேர்ந்தது. குழாய் பதினோரு துண்டாக வந்தது. அவற்றைத் தரையில் செய்தித்தாள் விரித்து வரிசையாக அடுக்கி, துளைகள் எங்கெங்கே இருந்தன என்று பென்சிலால் குறித்து வைத்திருக்கிறேன்.

ஹெட் போல்ட்டில் ஒன்று உடைந்துவிட்டது, கழற்றும்போதே. பின்வரிசை. பிளாக் மட்டத்துக்கு மேல் கால் அங்குலம் நிற்கிறது. வைஸ் கிரிப் வழுக்குகிறது.

#13 லேத்பட்டறை_கோவை

இன்னும் முறுக்காதீர்கள், மட்டத்தோடு ஒடிந்தால் வேலை நாலு மடங்கு. இந்த எஞ்சினில் போல்ட் துளை தண்ணீர் ஜாக்கெட்டுக்குள் திறக்கிறது. அதனால் கீழ்நுனி எண்பது வருஷம் தண்ணீரில் ஊறித் துருவேறி இருக்கும். மேலிருந்து ஆயில் ஊற்றினால் அந்த இடத்துக்குப் போகாது.

ஒரு நட்டை அந்தத் துண்டின் மேல் வைத்து, நட்டின் துளைக்குள் வெல்டிங் போட்டு நிரப்புங்கள். போல்ட்டும் நட்டும் ஒன்றாகிவிடும். வெல்டிங் சூடே பாதி வேலையைச் செய்துவிடும். சிவப்பு மங்கியதும், இன்னும் நல்ல சூடாக இருக்கும்போதே, மெழுகுவத்தியை அதன் அடியில் மரையோரத்தில் ஒற்றுங்கள். மெழுகு உருகி உள்ளே இழுத்துக்கொண்டு போகும். பிறகு ஸ்பானர் போட்டு முதலில் இறுக்கும் பக்கம் ஒரு இம்மி, அப்புறம் கழற்றும் பக்கம் ஒரு இம்மி. முன்னும் பின்னுமாகவே வர வேண்டும். ‘கிறீச்’ என்று சத்தம் வந்தால் நல்லது, அசைகிறது என்று அர்த்தம்.

பக்கத்துச் சிலிண்டர்களை நனைந்த துணியால் மூடிவிட்டு வெல்டிங் செய்யுங்கள். பொறி சுவரில் ஒட்டினால் எடுக்க முடியாது.

#14 ஏற்காடு_டாட்ஜ்

வந்துவிட்டது! மூன்றாவது நட்டில். முதல் இரண்டு பிய்ந்துகொண்டது. மெழுகு புகைந்து உள்ளே இறங்குவதைக் கண்ணால் பார்த்தேன். கீழ்நுனி பென்சில் சீவியது போல் கூராகத் தேய்ந்திருந்தது.

#15 சங்ககிரி_ஷெட்

மகிழ்ச்சி. அந்த ஒரு போல்ட் அப்படி இருக்கிறது என்றால் மீதி இருபதும் எப்படி இருக்கும்? எல்லாவற்றையும் புதிதாகப் போட்டுவிடு. மொத்தம் 21. அளவு 7/16 அங்குலம், அங்குலத்துக்கு 14 மரை. கடையில் கிடைக்கும் சாதாரண போல்ட் வேண்டாம், தலையில் தரக்குறி உள்ள உயர்தர போல்ட்டாக வாங்கு. ஒவ்வொரு துளையிலும் பழைய போல்ட் எவ்வளவு நீளம் இருந்ததோ அதே நீளம் இருக்க வேண்டும். அட்டையில் ஹெட்டின் படத்தை வரைந்து ஓட்டை போட்டு, பழையதை அந்தந்த இடத்தில் குத்தி வைத்தால் குழப்பம் வராது.

#16 லேத்பட்டறை_கோவை

ஹெட்டை அனுப்புங்கள், சர்ஃபேஸ் கிரைண்டிங் போட்டுத் தருகிறேன். 7 தவ் பள்ளத்துக்கு 9, 10 தவ் எடுத்தால் போதும். இந்த ஹெட்டுக்கு அது ஒன்றும் இல்லை, கம்ப்ரஷன் துளி ஏறும், அவ்வளவுதான்.

பிளாக்கில் துளை வாயில் மேடு சொன்னீர்களே, அதுவும் சின்ன விஷயம் இல்லை. வருஷக்கணக்காக முறுக்கி முறுக்கி முதல் மரை மேலே இழுத்து வந்திருக்கிறது. அந்த மேட்டின் மேல் கேஸ்கெட் உட்கார்ந்தால் சுற்றிலும் இடைவெளி நிற்கும். கையாலேயே கவுண்டர்சிங்க் பிட்டைச் சுற்றி வாயை லேசாகச் சரித்துவிடுங்கள். பிறகு தட்டையான எண்ணெய்க் கல்லை மேலே தேய்த்தால் மேடு மறைந்துவிடும். எல்லாத் துளையிலும் 7/16-14 டேப் ஓட்டி, காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். மரையில் துரு இருந்தால் டார்க் ரெஞ்ச் காட்டும் அளவு பொய்யாகிவிடும். போல்ட் இறுகியது என்று நினைப்போம், உண்மையில் துருவோடுதான் மல்லுக்கட்டியிருக்கும்.

குழாயின் செய்தித்தாளையும் ஹெட்டோடு அனுப்புங்கள். பித்தளைத் தகட்டில் மடித்து, பற்றவைத்து, அதே இடங்களில் துளை போட்டுத் தருகிறேன்.

#17 புதுப்பேட்டை_பாகம் (சென்னை)

கேஸ்கெட் போடும்போது இருபக்கமும் சில்வர் பெயின்ட் அடிப்பதா, சும்மா போடுவதா? எங்கள் பக்கத்துப் பழைய ஆட்கள் எல்லோரும் சில்வர் பெயின்ட்தான். செல்லாக் (அரக்குப் பூச்சு) தடவுகிறவர்களும் உண்டு.

#18 சங்ககிரி_ஷெட்

நாங்களும் சில்வர் பெயின்ட் அடித்தோம். மெல்லிசாக ஒரு கோட், ஒட்டும் பதத்தில் இருக்கும்போதே வைத்து மூடிவிடுவோம். செம்பில் இருக்கும் நுண்ணிய கீறல்களை அது நிரப்பும். சூட்டையும் தாங்கும். செல்லாக்கை மட்டும் அப்பா கிட்டேயே சேர்க்க மாட்டார். அடுத்த தடவை ஹெட்டைக் கழற்றும்போது உளி வைத்துப் பெயர்க்க வேண்டி வரும்.

#19 சைடுவால்வு

இப்போது செம்புத்தூள் கலந்த ஸ்ப்ரே வருகிறது, அதைத்தான் நான் பயன்படுத்துகிறேன். சில்வர் பெயின்ட்டும் அதே வேலையைத்தான் செய்கிறது, தவறில்லை. இரண்டிலும் மெல்லிசாக அடிப்பதுதான் விஷயம். ஆனால் ஒன்று: தட்டையில்லாத ஹெட்டை எந்தப் பூச்சும் காப்பாற்றாது. 7 தவ் பள்ளத்தைப் பெயின்ட் நிரப்பாது. கிரைண்டிங்குக்குப் பதிலாகப் பூச்சு என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

போல்ட்டுக்கு வேறு. தண்ணீருக்குள் போகும் மரை என்பதால் ஒவ்வொரு போல்ட்டிலும் சீலன்ட் தடவியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் மரை வழியாகத் தண்ணீர் ஏறிப் போல்ட் தலையடியில் கசியும். உறைந்து கல்லாகாத வகையாகப் பாருங்கள். குழாய் வேலைக்காரர்கள் வைத்திருக்கும் டெஃப்ளான் பேஸ்ட் நன்றாக வேலை செய்கிறது. போல்ட் தலையின் அடியிலும் வாஷரிலும் ஒரு சொட்டு ஆயில்.

#20 ஏற்காடு_டாட்ஜ்

ஹெட் கோவையிலிருந்து கண்ணாடி போல் வந்துவிட்டது. பித்தளைக் குழாய் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போல் இருக்கிறது. உள்ளே விட்டால் தடையில்லாமல் கடைசிவரை போகிறது. துளைகள் வால்வு பக்கம் பார்த்திருக்கும்படி வைத்தேன்.

டார்க் ரெஞ்ச்தான் இன்னும் இல்லை. நல்லது வாங்க இந்த மாதம் கையில் பணம் இல்லை. கை அளவில் சமாளிக்கலாமா?

#21 சங்ககிரி_ஷெட்

ஐம்பது வருஷம் ஹெட் மூடிய கைக்கு அளவு தெரியும் தம்பி. உனக்கு இது முதல் ஹெட். வேண்டாம்.

#22 சைடுவால்வு

இந்த எஞ்சினுக்கு 65 முதல் 70 அடி-பவுண்டு. டார்க் ரெஞ்ச் இல்லாமலேயே அதை அளக்கலாம், ஒரு தராசு போதும்.

65 அடி-பவுண்டு என்பது ஏறத்தாழ 9 கிலோகிராம்-மீட்டர். அதாவது போல்ட்டின் நடுவிலிருந்து சரியாக 1 மீட்டர் தள்ளி 9 கிலோ பலத்தில் இழுத்தால் அதுதான் 65. சாக்கெட் கைப்பிடியில் பைப் மாட்டி, போல்ட் நடுவிலிருந்து 1 மீட்டரில் கோடு போட்டு, அங்கே தொங்கு தராசின் கொக்கியை மாட்டுங்கள். காய்கறிக் கடையில் இருக்குமே, ஸ்பிரிங் தராசு, அதுதான். பைப்புக்குச் செங்குத்தாக, தரைக்கு இணையாக இழுக்க வேண்டும். ஹெட் போல்ட் மேல்நோக்கி நிற்பதால் பைப் படுக்கைவாட்டில்தான் சுற்றும், அதன் எடை கணக்கில் சேராது. தராசைப் படுக்கையாகப் பிடித்ததும் முள் சுழியத்தில் நிற்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் சுற்று 4 கிலோ, இரண்டாவது 7 கிலோ, மூன்றாவது 9 கிலோ, கடைசியாக 9.5. ஒருவர் சாக்கெட்டைப் போல்ட் மேல் அழுத்திப் பிடித்துக்கொள்ளட்டும், ஒருவர் இழுக்கட்டும்.

வரிசை: நடுப் போல்ட்டில் ஆரம்பித்து இரண்டு பக்கமும் மாறி மாறி வெளியே போக வேண்டும், கோலம் போடும்போது நடுப்புள்ளியிலிருந்து சுற்றிச் சுற்றி விரிவது மாதிரி. ஓரத்திலிருந்து ஆரம்பித்தால் நடுவில் கேஸ்கெட் உப்பிக்கொள்ளும். ஒவ்வொரு சுற்றிலும் 21ம் முடிந்த பிறகுதான் அடுத்த சுற்று. இழுக்கும்போது வெடுக்கென்று இல்லாமல் ஒரே சீராக இழுத்து, போல்ட் நகர்ந்துகொண்டிருக்கும்போதே தராசைப் படிக்க வேண்டும்.

ஹெட்டை இறக்கும்போது நழுவிக் கேஸ்கெட்டைக் கீறாமல் இருக்க, பழைய போல்ட் இரண்டின் தலையை வெட்டிவிட்டு எதிரெதிர் மூலையில் வழிகாட்டியாக நட்டு வையுங்கள். ஹெட் நேராக அதன் மேல் இறங்கும். நாலைந்து போல்ட் பிடித்ததும் அவற்றை எடுத்துவிடலாம்.

#23 ஏற்காடு_டாட்ஜ்

மூடிவிட்டேன். நானும் தம்பியும், தராசு பக்கத்துத் தேங்காய் மண்டியில் வாங்கியது. தராசு நம்பகமானதா என்று ஐந்து கிலோ படிக்கல் தொங்கவிட்டுச் சரிபார்த்தோம். 21 போல்ட், நாலு சுற்று, இரண்டரை மணி நேரம் ஆனது. மூன்றாவது சுற்றில் 9 கிலோ வரும்போது எல்லாப் போல்ட்டும் ஒரே மாதிரி ‘கும்’ என்று நின்றது. முதல் சுற்றில் இருந்த வித்தியாசம் ஒன்றுகூட இல்லை.

தண்ணீர் ஊற்றி இரவு முழுக்க அப்படியே விட்டேன். காலையில் போல்ட் தலைகள் எல்லாம் காய்ந்திருந்தன, ஆயில் குச்சியிலும் வெள்ளை இல்லை. ஸ்டார்ட் செய்தேன். பத்து நிமிடம் ஐடிலில் விட்டு, பிறகு லேசாக வேகம் ஏற்றி நல்ல சூடு வரும்வரை ஓட்டினேன். இப்போது மறுபடி முறுக்க வேண்டுமே, சூட்டோடா ஆறியா?

#24 சைடுவால்வு

உங்களுடையது இரும்பு ஹெட், இரும்பு பிளாக். சூட்டோடேயே முறுக்கலாம். அலுமினிய ஹெட்டாக இருந்தால் மட்டும் முழுக்க ஆற விட வேண்டும், ஏனென்றால் அலுமினியம் சூட்டில் போல்ட்டை விட அதிகமாக விரியும், அளவு தப்பாகக் காட்டும்.

ஒவ்வொரு போல்ட்டாக, அதே வரிசையில். எட்டில் ஒரு பங்கு சுற்று தளர்த்திவிட்டு மறுபடி 9.5க்கு இழுங்கள். தளர்த்தாமல் இழுத்தால் போல்ட் ஒட்டிக்கொண்டு நிற்கும், தராசு 9.5 காட்டும், உண்மையில் எதுவும் நகர்ந்திருக்காது. ஒன்றை முடித்துவிட்டுத்தான் அடுத்ததைத் தளர்த்த வேண்டும். 500 கிலோமீட்டர் ஓடியதும் இன்னொரு முறை.

#25 பெட்ஃபோர்ட்_யாழ்

இங்கே ஒருவர் பழைய டாட்ஜ் ஒன்று வைத்திருக்கிறார், அதுவும் 23 அங்குல எஞ்சின். அதற்கும் பின்பக்கம் சூடுதான். இந்த இழையை அவருக்கு வாசித்துக் காட்டினேன். குழாயைக் கழற்றிப் பார்த்தோம், அது இருந்த இடத்தில் துருத்தூள் மட்டும்தான். துண்டுகூட இல்லை, அளவு எடுக்க வழி இல்லை. அந்தச் செய்தித்தாள் இன்னும் இருக்கிறதா அண்ணை?

#26 ஏற்காடு_டாட்ஜ்

இருக்கிறது. பத்திரமாக உறையில் போட்டு வைத்திருக்கிறேன்.

500 கிலோமீட்டர் முடிந்து நேற்று மறுபடி முறுக்கினேன். பின்வரிசையில் இரண்டு போல்ட் மட்டும் ஒரு நூல் நகர்ந்தது, மீதி 19ம் அசையவில்லை. கம்ப்ரஷன்: 112, 114, 110, 112, 110, 111.

அதற்கு முந்தைய ஞாயிறு ஏற்காடு போனேன். அப்பாவும் வந்தார். இருபது வளைவையும் இரண்டாம் கியரிலும் மூன்றாம் கியரிலும் ஏறியது. மீட்டர் 180 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டவில்லை. மேலே போய் ஏரிக்கரையில் நிறுத்தி, பானட்டைத் திறந்து, பிளாக்கின் முன்பக்கமும் பின்பக்கமும் மாறி மாறி ஈரத்துணியால் தொட்டுப் பார்த்தேன். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ‘சுர்’ என்றது. அப்பா ஆறாவது சிலிண்டர் பக்கமே நின்றுகொண்டிருந்தார். அந்த ஓரத்தில்தான் எப்போதும் கசிந்து வடியுமாம், தோட்டத்தில் ஓடிய நாளிலிருந்தே. அதை எஞ்சினின் பழக்கம் என்று எல்லோரும் விட்டுவிட்டார்களாம்.

யாழ்ப்பாணத்து நண்பருக்கு: படம் எடுத்து அனுப்பினால் கோணத்தில் அளவு மாறிவிடும். அதனால் செய்தித்தாளின் மேல் டிரேசிங் பேப்பர் வைத்து முழு நீளத்துக்கும் வரைந்து, துளை நடுவுகளை மில்லிமீட்டரில் குறித்துச் சுருட்டித் தபாலில் அனுப்புகிறேன். முகவரியைத் தனிச்செய்தியில் கொடுங்கள். துளைகள் வால்வு பக்கம் பார்க்க வேண்டும் என்பதை அம்புக்குறி போட்டே எழுதிவிட்டேன்.